உள்ளங்காலில் இருப்பது ஆணியா, மருவா?

உள்ளங்காலில் தோல் தடித்து, நடக்கையில் கல் குத்துவதுபோல் வலித்தால் அதனை ‘ஆணி’ என்றே நம்மவர் கருதுகின்றனர். அவற்றுள் சில ஆணியல்ல, மருக்களாகும். இவ்வேறுபாட்டை அறியாது பிளேட்டினால் சீவுவதே பல சிக்கல்களுக்கு வழிவகுக்கின்றது.

ஆணி, பாதணியின் அழுத்தத்தினாலும் உராய்வினாலும் உண்டாவது. அது பிறருக்குத் தொற்றாது. மருவோ மனிதப் பப்பிலோமா வைரஸினால் ஏற்படுவது, தொற்றக்கூடியது. ஆணியை நேராக அழுத்தினால் வலிக்கும். மருவை இருபுறமும் சேர்த்துக் கிள்ளினால் வலி மிகும். ஆணியின்மீது தோலின் ரேகைகள் தொடர்ந்து செல்லும். மருவில் அவை அறுபட்டிருக்கும். மருவினுள் தெரியும் கரும்புள்ளிகள் இரத்தம் உறைந்த நுண்குழாய்களேயன்றி வேர்களல்ல.

ஈரத்தில் ஊறிய தோலின் சிறு வெடிப்புகளூடாக இவ்வைரஸ் உட்புகுகின்றது. ஜிந்துப்பிட்டி போன்ற நெருக்கமான பகுதிகளில் பலர் ஒரே குளியலறையைப் பயன்படுத்துவதுண்டு. கோவிலிலும் பள்ளிவாசலிலும் வெறுங்காலுடனேயே நடக்கின்றோம். அதற்காக அங்கு செல்வதைத் தவிர்க்கவேண்டியதில்லை. கால் கழுவிய பின்னரும் வுழூச் செய்த பின்னரும் பாதங்களை நன்கு துடைத்து உலர்த்துவதும், பொதுக் குளியலறையில் செருப்பணிவதும், துவாயைப் பகிராதிருப்பதும் நல்ல தடுப்பு முறைகளாகும்.

சிறுவர்களின் மருக்கள் பல, ஓரிரு ஆண்டுகளில் தாமாகவே மறைந்துவிடும். வலியிருப்பின் சலிசிலிக் அமில மருந்து பயன்தரும். பாதத்தை இளஞ்சூட்டு நீரில் சில நிமிடங்கள் ஊறவைத்து, இறந்த தோலை மெதுவாகத் தேய்த்து அகற்றி, மருவில் மட்டும் படுமாறு மருந்தை இடவேண்டும். தேய்க்கும் கல்லைப் பிறர் பயன்படுத்தலாகாது. இஷாத் தொழுகையின் பின் மருந்திட்டு, சுபஹுக்கு முன் கழுவி அகற்றினால் வுழூவுக்கும் இடையூறில்லை. 12 வாரங்கள் வரை பொறுமை தேவை. அதற்கும் மசியாத மருவை வைத்தியர்கள் திரவ நைதரசனால் உறையச்செய்து அகற்றுவர். வைரஸ் நோயாதலால் அன்டிபயோட்டிக் மாத்திரைகள் இதற்கு உதவா.

நீரிழிவு நோயாளரும், காலில் உணர்ச்சியோ இரத்தவோட்டமோ குறைந்தோரும் அமிலத்தையும் பிளேட்டையும் காலில் தாமாகத் தொடவே கூடாது. காலாணிக்கென விற்கப்படும் பிளாஸ்டர்கள் பலவற்றிலும் இதே அமிலம் உண்டு. உணர்வற்ற பாதத்தில் உண்டாகும் சிறு புண், காலையே இழக்கும் நிலைக்கு இட்டுச்செல்லலாம். இரத்தம் கசிந்தாலோ, விரைவாக வளர்ந்தாலோ, கருமை பரவினாலோ எவராயினும் தாமதமின்றி வைத்தியரை நாடவேண்டும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தோல் நோய்களுக்கெனத் தனிப்பிரிவு உண்டு.