தாத்தாவின் ஒன்பது நிமிஷம்

தஞ்சாவூர்ப் பக்கம் உங்கள் பூர்வீக வீட்டுப் பரணில் பழைய பாக்கெட் வாட்ச் ஏதாவது கிடக்கிறதா? உடனே நகைக்கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்!

நாளைக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிஷம் என்று சாவகாசமாக வாழ்ந்த ஊர்கள் இவை. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்தது. நாழிகைக் கணக்குக்கு ரயில் காத்திருக்குமா? நிமிஷம் பார்க்க வேண்டியதாயிற்று.

அந்த நிமிஷமும் இன்றைய நிமிஷத்தோடு ஒத்துப்போகாது. பிற்பாடு ரயில்கள் ஓடியது, சென்னை வானாய்வுக்கூடத்தின் 'மெட்ராஸ் டைம்'படி. 1906 ஜனவரி 1-இல் இந்திய நேரம் வந்தபோது, முள்ளைச் சுமார் ஒன்பது நிமிஷம் முன்னால் தள்ள வேண்டியிருந்தது!

சரி, சேகரிப்பவர்கள் இதில் எதைப் பார்க்கிறார்கள்? முகப்பில் சென்னை மவுண்ட் ரோடு 'பி. ஆர் அண்ட் சன்ஸ்' பெயர் இருக்கலாம். உள்ளே ஓடும் இயந்திரம் இங்கிலாந்திலோ ஸ்விட்சர்லாந்திலோ செய்ததாக இருக்கும். பின்மூடியைத் திறங்கள். இங்கிலாந்து வெள்ளி என்றால், முத்திரையில் உள்ள ஓர் எழுத்தே வருஷத்தைச் சொல்லிவிடும். பக்கத்திலேயே, பழுது பார்த்தவர்கள் ஊசியால் கீறி வைத்த குறிகளும் இருக்கலாம்.

தராசுக்கு இதெல்லாம் தெரியாது. மூடியை எடைபோட்டு உருக்கிவிட்டு, இயந்திரத்தை உங்கள் கையில் திருப்பிக் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

காமர்ஸ் படித்தவன் கணக்காகவே சொல்கிறேன். வெள்ளியை நாளைக்கும் வாங்கலாம். அந்தக் கீறலை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?