கல்வாவின் கையெழுத்துப் படி

கருத்தியல் அட்சரகணிதம் பயிலும் பல்கலைக்கழக மாணவர் பலர், தேற்றமொன்றின் உண்மையை உணர்ந்தும், அதன் நிறுவலைப் பிறர் ஏற்குமாறு எழுத இயலாது இடர்ப்படுவர். இவ்விடர்ப்பாடு அத்துறையோடு உடன்பிறந்தது. அதற்கு வித்திட்ட எவரிஸ்த் கல்வாவே இதனால் வருந்தியவர்.

1811இற் பிறந்த கல்வா, பாரிசின் பொலிரெக்னிக் கல்லூரி நுழைவுத் தேர்வில் 1828இலும் 1829இலும் தோல்வியுற்று, ஆசிரியப் பயிற்சி நிறுவனமொன்றிற் சேர்ந்தார். எச்சமன்பாடுகளின் மூலங்களை வர்க்கமூலம், கனமூலம் போன்றவற்றால் எடுத்துரைக்கலாம் என்பதே அவரை ஈர்த்த வினா. மூலங்கள் தம்முள் இடம் மாறும் வகைகளை ஒருசேர நோக்கி, இன்று கூட்டம் எனப்படும் கருத்தை அவர் கண்டார். 1830இல் விஞ்ஞானக் கழகத்துக்கு அனுப்பிய கட்டுரை, அதனைப் பொறுப்பேற்ற பூரியரின் மறைவுக்குப் பின் அகப்படவில்லை. 1831 சனவரியில் மீண்டும் எழுதி அளித்தார்.

அதனை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் புவசோன். 1831 யூலை அறிக்கை கட்டுரையைப் பிழையென்று தள்ளவில்லை. வாதம் போதிய தெளிவும் விரிவும் பெறாமையால் அதன் செம்மையை மதிப்பிட இயலவில்லை என்றே கூறிற்று. துணைத்தேற்றமொன்றின் அருகே புவசோன் எழுதிய குறிப்பு இன்னுஞ் சுவையானது. நிறுவல் போதாது, ஆயினும் லக்ராஞ் முன்னர் காட்டியவாறு முடிபு உண்மையே என்பது அதன் பொருள். விடைத்தாள் திருத்துவோர் நன்கறிந்த தீர்ப்பு இது! கல்வா இணங்கவில்லை, பிறர் தீர்மானிக்கட்டும் என்று கீழே எழுதிவைத்தார். அந்நிறுவல் சில வரிகளே. இரு சமன்பாடுகளுக்குப் பொதுவான மூலம் ஒன்றேயெனக் காட்டி, பொதுக் காரணி வழியே அதனைப் பெறுகிறது. இன்றைய வாசகர் அதிற் பிழை காணார். ஆனால் அன்று வாசித்தவருக்கு இத்துறையின் சொற்களே புதியவை. புவசோனைக் குற்றவாளியாக்கும் வழக்கமான கதை இதனைக் கருத்திற் கொள்வதில்லை.

இறக்குமுன் ஓரிரவில் அனைத்தையும் எழுதினார் என்பதும் மிகையே. 1832 மே 29 இரவு, அவர் பழைய கட்டுரையைத் திருத்தி, நண்பர் செவாலியேக்கு நீண்ட கடிதம் வரைந்தார். நிறுவலொன்று நிறைவுசெய்யப்பட வேண்டும், தமக்கு நேரமில்லை என ஓரத்திற் குறித்தார். மறுநாள் துப்பாக்கிச் சண்டையிற் காயமுற்று, 31ஆம் திகதி மாண்டார்.

விடுபட்ட படிகளை நிரப்பும் பணி பிறரைச் சேர்ந்தது. லியூவில் 1846இல் தம் சஞ்சிகையில் அக்கட்டுரையை வெளியிட்டபோது அது 17 பக்கங்களில் அடங்கிற்று. அக்கருத்துகளை விரித்துக் கமில் ஜோர்தான் 1870இல் எழுதிய நூல் 660 பக்கங்களைத் தாண்டியது.