நீலகிரி ஆதிவாசிகளின் சிறுநீரக வியாதியும் மனோவைத்தியமும்

இந்திய வைத்திய சரித்திரத்தில், சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் அரிவாளணு இரத்தசோகை முதன்முதலாகப் பதிவு பெற்ற இடங்களுள் நீலகிரி தலையாயது. ஹெர்மன் லேமன் என்னும் விஞ்ஞானி, மேரி கட்புஷ் அம்மையாருடன் சேர்ந்து இம்மலைவாசிகளின் இரத்தத்தை ஆராய்ந்து 1952ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டார். அதே ஆண்டில் மேல் அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடத்தும் இந்நோய் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. ஆயின் நீலகிரி ஆராய்ச்சியில் மேலோங்கி நின்றது நோயாளியின் துயரமன்று. பூர்வகுடிகளுக்கும் பிற இனத்தாருக்கும் உள்ள உறவு யாது என்ற மானிடவியல் வினாவே. பணியரும் இருளரும் குறும்பரும் முதலில் ஆராய்ச்சிக்குப் பொருளாகி, நெடுநாள் கழித்தே சிகிச்சைக்கு உரியவராயினர் என்பதை இச்சரித்திரத்தின் ஆதிப் பிழையாகவே நான் கருதுகிறேன்.

இந்நோய் சிறுநீரகத்தைத் தாக்கும் விதம் கூர்ந்து நோக்கத்தக்கது. பிராணவாயு குறைந்து உப்புச் செறிந்திருக்கும் அதன் உட்பகுதியில், வளைந்த சிவப்பணுக்கள் நுண்குழாய்களை அடைத்துவிடுவதால், சிறுநீரைச் செறிவாக்கும் சக்தி இளம்பிராயத்திலேயே குன்றிவிடுகிறது. ஆகவே இரவில் பன்முறை நீர் பிரிகிறது. சிலருக்குச் சிறுநீரில் இரத்தம் போகிறது. ஆண்மக்களுள் சிலருக்குக் குறி மணிக்கணக்கில் வலியோடு விறைத்து நின்று, உடனே கவனியாவிடில் நிரந்தர ஊனத்தில் முடிகிறது. உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் ஆதிவாசிச் சிறுவன் ஒருவன், தூக்கத்தில் பாயை நனைத்துவிட்டு, மற்றப் பிள்ளைகள் விழிக்குமுன் அதைச் சுருட்டி மறைக்க முயல்வதாக எண்ணிப் பாருங்கள். சிறுநீரகத்தின் குற்றம் அவன் ஒழுக்கத்தின் குற்றமாகக் கொள்ளப்படும்போது, லஜ்ஜையும் பயமும் அவனைப் படிப்பிலிருந்தே விரட்டிவிடக்கூடும். வாலிபனானால், குறிநோவை வைத்தியரிடம் சொல்லவும் நாவெழாது.

மலைநாட்டில் வைத்தியம் எட்டாத இக்குறையைப் போக்கப் புறப்பட்டவர்களும் உண்டு. 1958இல் டாக்டர் எஸ். நரசிம்மன் கோத்தகிரியை மையமாகக் கொண்டு நீலகிரி ஆதிவாசி நலச் சங்கத்தை நிறுவினார். கூடலூரில் 1986இல் தொடங்கிய அக்கார்டு என்னும் ஆதிவாசி உரிமை இயக்கத்தின் வழியே 1990இல் அஸ்வினி என்னும் சுகாதார அமைப்பு உருவாகி, ஆதிவாசி ஆஸ்பத்திரியை நடத்தலாயிற்று. அங்கே ஆதிவாசிப் பெண்களே தாதியராகப் பயிற்சி பெற்றனர். தன் பாஷையில் பேசும் ஒருத்தியிடமே நோயாளி வெட்கம் விட்டு வாய்திறப்பான் என்பதால், இதை இவ்வரலாற்றின் மிகப் பெரிய முன்னேற்றமாக மதிக்கிறேன்.

 

அரசின் பக்கமோ, மனநோய்க்கான தேசியத் திட்டம் 1982இல் பிறந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கிற்று. 2023 ஜூலையில் தொடங்கிய அரிவாளணுச் சோகை ஒழிப்பு இயக்கமோ ஏழு கோடி மக்களின் இரத்தத்தைச் சோதிக்க முற்பட்டது. மனத்துக்கு ஒரு வழியும் இரத்தத்துக்கு ஒரு வழியுமாக வகுக்கப்பட்ட இத்திட்டங்களுக்கு நடுவே, இரத்தம் கலந்த சிறுநீரைக் கண்டு நடுங்கும் ஒரு பணியர் இளைஞனின் மனோவியாகூலம் எவர் பொறுப்பிலும் சேராமல் நழுவிவிடுகிறது. உதகையில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. அங்கே சிறுநீரைச் சோதிக்கும் வைத்தியர், அதே அமர்வில் அவனுடைய உறக்கத்தையும் கவலையையும் அவன் பாஷை அறிந்த ஒருவர் துணையோடு விசாரிக்க வேண்டும். அந்தத் துணைவருக்கு அரசு நிரந்தர உத்தியோகம் தரவேண்டும்.