சட்டைப்பையின் சரித்திரம்

1911 ஜனவரியில், நியூயார்க் நகரத்துக் கிராமெர்ஸி பூங்காவின் அருகே டேவிட் கிரஹாம் பிலிப்ஸ் என்னும் நாவலாசிரியர் பட்டப்பகலில் சுடப்பட்டு மறுநாள் மாண்டதும், முந்திய வருஷம் அந்நகர மேயர் கேனரின் தொண்டையில் பாய்ந்த குண்டு ஜனங்களின் ஞாபகத்தை விட்டு அகலாதிருந்ததும் சேர்ந்தே, மறைத்து வைக்கத்தக்க கைத்துப்பாக்கிக்கு அநுமதிப் பத்திரம் அவசியம் என்ற சல்லிவன் சட்டம் பிறக்கக் காரணமாயின. இத்தகைய தடை புதிதன்று; கென்டக்கி மாநிலம் 1813-லேயே மறைத்த ஆயுதத்தைத் தடுத்திருந்தது. ஒளித்து வைத்திருப்பவன் வஞ்சகன் என்பது அக்காலத்து அபிப்பிராயம். சட்டத்துக்குப் பெயர் தந்த டிமதி சல்லிவனோ நகர அரசியலையும் போலீசையும் ஆட்டிவைத்த டம்மனி கோஷ்டியின் பெரும்புள்ளி. ஆகவே, போலீசாரே துப்பாக்கியைச் செருகிவிட்டுக் கைது செய்வார்களென்று அஞ்சி, சில ரௌடிகள் தங்கள் கோட்டுப் பைகளைத் தைத்து மூடிக்கொண்டார்கள் என்றொரு கதை உலவியதில் எனக்கு வியப்பில்லை.

தகுதியுள்ளவர் கேட்டால் அநுமதிப் பத்திரம் கொடுத்தே தீரவேண்டும் என்று 1987-இல் ஃபுளோரிடா மாநிலம் விதித்தபின் காற்று திசை மாறியது. அத்தகைய அநுமதியால் கொலையும் கொள்ளையும் குறைந்தன என்று 1998-இல் பொருளாதார ஆய்வாளர் ஜான் லாட் ஒரு நூலே எழுதினார். ஜான் டோனஹ்யூ முதலிய ஆய்வாளர்கள் அதே புள்ளிவிவரங்களைப் புரட்டி மறுத்தனர். 2004-இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் குழுவோ, எப்பக்கமும் நிர்ணயிக்கச் சான்று போதாது என்று கைவிரித்தது. 2022-இல், விசேஷக் காரணம் காட்டினாலொழிய அநுமதியில்லை என்ற நியூயார்க்கின் நிபந்தனையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, நீதிபதிகள் பிரதானமாக ஆராய்ந்தது குற்றக் கணக்கையன்று, பழைய சட்டங்களின் சரித்திரத்தையே.