காட்டுக் கோயிலும் கள்வராய் வந்த தம்பதியரும்

கம்போடிய நாட்டின் அங்கோர் கோயிற்றொகுதிக்கு வடகிழக்கே, ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவில், பந்தே ஸ்ரீ என்னும் சிவாலயம் உள்ளது. அளவிற் சிறியது, அழகிற் பெரியது. அரச குருவாய் விளங்கிய யக்ஞவராகர் எடுப்பித்த இக்கோயில், கி.பி. 967ஆம் ஆண்டிலே பிரதிட்டை செய்யப்பெற்றது. செந்நிற மணற்கல்லிலே, மரத்திற் செதுக்கினாற்போன்ற நுண்ணிய வேலைப்பாடு. கிழக்கு வாயில் முகப்பொன்றிலே கூத்தப்பெருமான் ஆடுகின்றார். அருகே அமர்ந்திருக்கும் மெலிந்த பெண்ணுருவைக் காரைக்காலம்மையார் என அறிஞர் கொள்வர். சோணாட்டுக் கடற்கரையிற் பிறந்த அடியாரின் புகழ் கடல்கடந்து சென்றமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

காடு மூடிக் கிடந்த இக்கோயில் 1914ஆம் ஆண்டிலேதான் வெளியுலகின் கண்ணிற் பட்டது. அதனைப் பற்றி வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரையொன்றைப் பாரிஸ் நகரிலே இளைஞர் ஒருவர் படித்தார். அவர் பெயர் அந்திரே மால்ரோ. 1921இல் கிளாரா என்னும் கல்வியறிவு மிக்க பெண்ணை மணந்தவர். மனைவியின் செல்வத்தைப் பங்குச் சந்தையிலே இழந்துவிட்ட நிலையில், அவருக்கோர் எண்ணம் தோன்றிற்று: காட்டிலே கேட்பாரற்றுக் கிடக்கும் சிற்பங்களைப் பெயர்த்து விற்றால் இழந்த செல்வத்தை மீட்கலாம்!

1923ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் தம்பதியர் கப்பலேறினர். ஆராய்ச்சிக்கென அரசாங்கத்திடம் பெற்ற அனுமதிக் கடிதம் கையில் இருந்தது. ஆனால் ஹனோயிலிருந்த பிரெஞ்சுக் கீழைத்தேய ஆய்வுக் கழகத்தார், காணப்படும் பொருள் எதுவும் இருந்த இடத்திலேயே இருத்தல் வேண்டும் எனத் தெளிவாக எச்சரித்தனர். எச்சரிக்கை செவியிற் புகுந்தது, நெஞ்சிற் புகவில்லை. சைகோன், புனோம் பென் நகர்களைக் கடந்து சியாம் ரீப்பை அடைந்த அவர்கள், நண்பர் லூயி செவசோனுடன் வண்டிகளைக் கொண்டு காட்டினுள் நுழைந்தனர். வாளரம் கல்லிலே தோற்றது. உளியும் கடப்பாரையும் வென்றன. தேவமாதர் உருவங்கள் சுவரினின்று பெயர்க்கப்பட்டுப் படகேறின. டிசெம்பர் 24ஆம் நாள் புனோம் பென்னிலே காவலர் அவர்களைக் கைது செய்தனர்.

கணவனைப் பின்தொடர்தல் மனைவியின் கடமை என்ற காரணத்தாற் கிளாரா வழக்கினின்றும் விடுவிக்கப்பட்டார். மால்ரோவுக்கு 1924 ஜூலையில் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கிளாரா பாரிஸ் திரும்பி எழுத்தாளரிடையே ஆதரவு திரட்டினார். அந்திரே ஜீது முதலானோர் கணவருக்காகக் கையொப்பமிட்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில் சைகோன் மேன்முறையீட்டு மன்றம் தண்டனையை ஓராண்டாகக் குறைத்து, அதனையும் ஒத்திவைத்தது.

இங்கே ஒரு வினா எழுகின்றது. களவு செய்த இளைஞரைத் தண்டித்த அதே ஆட்சியின் ஆதரவுடன், 1873இலே தெலாபோர்த் என்னும் கடற்படை அதிகாரி கெமர்ச் சிற்பங்கள் பலவற்றைப் பிரான்சுக்குக் கொண்டு சென்றிருந்தார். ஒருவர் செய்தது குற்றம். மற்றவர் செய்தது கலைத்தொண்டு எனப்பட்டது. இரண்டிலும் கம்போடிய மக்களின் விருப்பத்தைக் கேட்டவர் யார்? எனினும் ஆட்சியின் பிழை மால்ரோவின் பிழையைத் துடைத்துவிடாது.

சிறையஞ்சி மீண்டவர்கள் அந்நாட்டை மறக்கவில்லை. 1925இல் தம்பதியர் மீண்டும் சைகோன் சென்றனர். இம்முறை கல்லைத் தேடி அன்று. போல் மொனின் என்னும் வழக்கறிஞருடன் பத்திரிகை நடத்தி, குடியேற்ற ஆட்சியின் கொடுமைகளைக் கண்டித்தனர். முதற்பயணத்திற் சிலையை மட்டுமே கண்ட கண்கள், மறுபயணத்தில் மனிதரையும் கண்டன. அதே மால்ரோ 1959இலே பிரான்சின் பண்பாட்டமைச்சரானது காலத்தின் விந்தை.

கோயிலுக்கும் நற்காலம் பிறந்தது. வழக்கினாற் பெயர் பரவவே, 1924இல் காடு அகற்றப்பட்டது. 1931 முதல் 1936 வரை ஹென்றி மார்ஷல் என்பார், யாவாவிலே ஒல்லாந்தர் கையாண்ட முறையைப் பின்பற்றி, விழுந்த கற்களை ஆராய்ந்து ஒவ்வொன்றையும் அதனதன் இடத்திலேயே அமைத்தார். பெயர்க்கப்பட்ட தேவமாதரும் தம் மாடம் சேர்ந்தனர்.

1992இல் அங்கோர் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. இன்று அங்கே செல்வோர் பலர். அவர்களிலே தேவமாதரின் புன்னகையைக் கண்டு, கண்டதை நெஞ்சில் மட்டும் ஏந்தி மீள்பவரே நல்ல பயணி. ஏனெனில் சுவரினின்று பிரித்த சிற்பம் விலைப்பொருள் ஆகலாம். சுவரோடு நிற்கும்போதே அது ஒரு மக்களின் வரலாறு ஆகும்.