கீழ்ப்பாக்கம் எத்தனை கிலோமீட்டர்?

“இவனைக் கீழ்ப்பாக்கத்துலதான் சேர்க்கணும்.” தமிழ்நாட்டில் வளர்ந்த யாரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில், சினிமாவில், டீக்கடையில், இப்போது மீம்களில். மெட்ரோ ஸ்டேஷன் உள்ள ஒரு சாதாரண சென்னைப் பகுதியின் பெயர் எப்படி வசையாச்சு? மலையாளிகளுக்கு ஊளம்பாறை, ஹைதராபாத்காரர்களுக்கு எர்ரகட்டா, இலங்கையில் அங்கொடை. இந்தக் கேலிக்குள் ஒரு நிர்வாக வரலாறு இருக்கிறது. ஊருக்கு ஊர் மனநல சிகிச்சை கிடைத்திருந்தால், எந்த ஒரு ஊரின் பெயரும் நோயின் பெயராக ஆகியிருக்காது.

1794இல் வாலண்டைன் கோனலி என்ற மருத்துவர் சென்னையில் ஒரு மனநோயாளர் இல்லத்தைத் தொடங்கினார். 1871இல் 145 நோயாளிகளோடு கீழ்ப்பாக்கம் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. இடையில் 1858இல் ஒரு சட்டம் வந்தது, 1912இல் இன்னொன்று. இரண்டுக்கும் முக்கியக் கவலை, யாரை யார் உத்தரவில் உள்ளே வைப்பது என்பதுதான். அடுத்த கவலை பணம். நோயாளிக்குச் சொத்து இருந்தால் அதிலிருந்து எடு. இல்லையா, பராமரிக்கக் கடமைப்பட்ட உறவினரிடம் வாங்கு. அதுவும் முடியாவிட்டால்தான் அரசு. 1987ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த ஏற்பாட்டைக் கைவிடவில்லை. அந்தச் சட்டம் அமலுக்கு வரவே 1993 ஏப்ரல் ஆகிவிட்டது.

சட்டம் கணக்கில் எடுக்காத ஒரு செலவு உண்டு: தூரம். காஞ்சிபுரத்திலிருந்து கீழ்ப்பாக்கம் சுமார் 75 கிலோமீட்டர். கார் வைத்திருப்பவருக்கு அது ஒரு காலைப் பொழுது. தறிக்காரருக்கு அப்படி இல்லை. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வரும் கோர்வைச் சேலையை நெய்ய ஒருவர் போதாது. பக்கத்தில் ஒரு துணையாள் வேண்டும். பெரும்பாலும் அது வீட்டு ஆள்தான். கூலியோ சேலைக் கணக்கு. வீட்டில் ஒருவருக்கு மனநோய் வந்து, இன்னொருவர் அவரை சென்னைக்குக் கூட்டிப் போனால் அன்றைக்குத் தறி நிற்கும். இந்த நோய்க்கோ ஒரு தடவை போய் வந்தால் போதாது. மாதாமாதம் போகணும், சில வருஷமாவது. மாத்திரை இலவசமாகவே கிடைத்தாலும், அதை வாங்கப் போகும் நாள் இலவசமில்லை.

பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாத இடத்தில் வேறொன்று முளைக்கும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநல நிலையங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற சட்டம் அமலாகி அப்போது எட்டு வருஷம். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன. ஆனால் அந்தக் குடும்பங்கள் அவர்களை ஏன் அங்கே கொண்டுவிட்டார்கள்? தர்கா மீதான நம்பிக்கை ஒரு காரணம். கைக்கெட்டும் தூரத்தில் வேறு இடம் இல்லாதது இன்னொரு காரணம். இரண்டாவதைச் சரிசெய்ய உரிமம் போதாது, பட்ஜெட் வேணும்.

இதை முன்பே புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். 1961இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளரான டாக்டர் சாரதா மேனன், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் வர உழைத்தார். 1996இல் மத்திய அரசு மாவட்ட மனநலத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதன் முதல் மாவட்டம் திருச்சி.

பிறகு வந்தது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். நோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது அதன் 95ஆம் பிரிவு. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 18ஆம் பிரிவு. சிகிச்சைக்காக யாரையும் நெடுந்தூரம் பயணிக்க வைக்கக் கூடாது. வசிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சேவை இருக்க வேண்டும். மாவட்டத்தில் குறைந்தபட்ச அரசு சேவை இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறு நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம், செலவு அரசுடையது. 1858இலிருந்து உறவினர் பக்கம் நீட்டிய பில்லை, 160 வருஷம் கழித்து, சட்டம் அரசின் பக்கம் திருப்பியது.

ஆனால் “நெடுந்தூரம்” என்றால் எத்தனை கிலோமீட்டர்? சட்டத்தில் எண் இல்லை. நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். “வேகமாக இயங்க வேண்டும்” என்று மட்டும் ஒரு வாடிக்கையாளர் எழுதித் தந்தால் எங்கள் முதல் கேள்வி: எத்தனை நொடிக்குள்? எண் இல்லாத வாக்குறுதியைச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

பணத்திலும் ஒரு முடிச்சு. அரசமைப்புச் சட்டத்தில் மனநோய் பற்றிய சட்டம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில். அதனால் உரிமையை எழுதியது டெல்லி. டாக்டர், நர்ஸ் சம்பளத்தில் பெரும்பகுதி சென்னையின் பொறுப்பு.

அளவுகோலாகிய “மாவட்டம்” கூட அசைகிறது. 2019 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டம் பிரிந்தபோது, 1965இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. காஞ்சிபுரத்துக்காரருக்கு அதே 40 கிலோமீட்டர்தான். ஆனால் சட்டத்தின் கணக்கில் அது இப்போது அடுத்த மாவட்டம். தன் மாவட்டத்தில் கிடைக்க வேண்டியதற்கு இனி காஞ்சிபுரத்தின் தலைமை மருத்துவமனைதான் பதில் சொல்லியாக வேண்டும்.

எனவே கேட்க வேண்டியவை சின்னக் கேள்விகள். அந்த மருத்துவமனையில் மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் உட்காருகிறார்? உள்நோயாளிக்குப் படுக்கை எத்தனை? மாத்திரை மாசக் கடைசி வரை இருப்பு இருக்கிறதா? வட்டார மருத்துவமனை வரைக்கும் அது போகிறதா? ஒரு நெசவாளர் காலையில் போய் மாத்திரை வாங்கி மதியத்துக்குள் தறிக்குழியில் திரும்ப இறங்க முடிந்தால், 18ஆம் பிரிவு அமலில் இருக்கிறது என்று அர்த்தம்.