"சேர், எனக்கு எந்த டார்டன்?" - ஒரு கம்பளிக் கில்ட்டின் வரலாறு



கடந்த வாரம் கிளாஸ்கோவிலிருந்து பழைய மாணவர் ஒருவரின் குரல்பதிவு வந்தது. சாதாரண தரம் வரை எம்மிடம் வரலாறு படித்தவர். இப்போது தொழிலும் குடும்பமும் அங்கேதான். நெருங்கிய ஸ்கொட்டிஷ் நண்பர் ஒருவரின் திருமணத்துக்கு நண்பர்கள் எல்லோரும் கில்ட் உடுத்துவதாகத் தீர்மானமாம். இவரும் வாடகைக்கு எடுக்காமல் சொந்தமாக ஒரு கம்பளிக் கில்ட் தைத்துக்கொள்ள விரும்பிக் கடைக்குப் போயிருக்கிறார். கடையில் முதலில் கேட்டது இடுப்பளவை அல்ல, குடும்பப் பெயரை. அந்தப் பட்டியலில் நம்மவர் பெயர் எங்கே இருக்கப் போகிறது?

"சேர், நீங்கதானே படிச்சுத் தந்த, ஒவ்வொரு குலத்துக்கும் ஒவ்வொரு டார்டன் எண்டு. யுத்தத்துல அத வெச்சித்தான் ஆள் பிரிச்ச எண்டும் சொன்னீங்க. அப்ப நான் எத உடுத்தாலும் அது வேற ஆக்கள்ட தானே?"

உண்மைதான். பாடத்துக்கு இடையில் கதையோடு கதையாக நாம் அப்படிச் சொல்லியிருக்கிறோம். எங்கோ வாசித்ததைச் சரிபார்க்காமல் சொன்னோம். பதினைந்து வருடங்களுக்குப் பிறகு அந்த ஒரு வசனம் ஒரு பிள்ளையைக் கடை வாசலில் தயங்க வைத்திருக்கிறது. ஆகவே இந்தப் பதிவு அவருக்கான பதிலும்தான், எமது பிழைக்கான திருத்தமும்தான்.

முதலில் டார்டன் என்றால் என்ன? கட்டம் போட்ட துணி, அவ்வளவுதான். ஆனால் அதில் ஓர் ஒழுங்கு உண்டு. எந்த நிறத்தில் எத்தனை நூல், அடுத்து எந்த நிறத்தில் எத்தனை நூல் என்ற வரிசை பாவிலும் ஊடையிலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். ஒரே நிறங்கள் சந்திக்கும் இடத்தில் தனி நிறமும், வேறு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் கலப்பு நிறமும் தெரியும். இரண்டு நிற நூலால் நெய்தால் மூன்று சாயல்கள், ஆறு நிற நூலால் நெய்தால் இருபத்தொன்று. கணித ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இந்த நெசவு பழையது என்பதில் சந்தேகமில்லை. ஸ்கொட்லாந்தின் ஃபோல்கர்க் நகரில் உரோம நாணயங்கள் நிறைந்த ஒரு பானையோடு கிடைத்த கட்டத் துணித்துண்டு கி.பி. 3 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. க்ளென் அஃப்ரிக் பள்ளத்தாக்கின் சதுப்பு நிலத்தில் கண்டெடுக்கப்பட்ட இன்னொரு துண்டு 1500க்கும் 1600க்கும் இடைப்பட்டது என்று ஆய்வில் தெரிந்து, 2023 இல் டண்டீ நகர நூதனசாலையில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

ஆனால் துணி பழையது என்பது வேறு, "இந்தக் கட்டம் இந்தக் குலத்துக்கு" என்ற விதி பழையது என்பது வேறு. நாம் சறுக்கிய இடம் இதுதான்.

ஸ்கொட்லாந்தின் மேற்குத் தீவுகளைச் சேர்ந்த மார்ட்டின் மார்ட்டின் என்பவர் 1703 இல் வெளியிட்ட நூலில், கட்டத்தைப் பார்த்து ஒருவர் எந்த ஊர்ப்பக்கம் என்று ஊகிக்கலாம் என்கிறார். குலத்தைச் சொல்லவில்லை, இடத்தைத்தான் சொல்கிறார். ஓர் ஊரின் நெசவாளிக்குப் பழக்கமான கோலம், அந்த ஊரில் கிடைக்கும் சாயச் செடி, இவை சேர்ந்து அந்தப் பக்கத்துத் துணிக்கு ஒரு முகத்தைக் கொடுத்தன.

யுத்தகளத்துக்கு வருவோம். 1746 ஏப்ரல் 16 இல் கலொடன் சமவெளியில் ஸ்டுவர்ட் இளவரசர் சார்ல்ஸின் படையை அரச படை நசுக்கியது. அதைச் சித்திரித்து டேவிட் மோரியர் அக்காலத்திலேயே தீட்டிய ஓவியம் இருக்கிறது. அதில் ஒரே ஆளின் மேலங்கியில் ஒரு கட்டம், கீழாடையில் இன்னொரு கட்டம். இளவரசரின் ஆட்கள் தமது தரப்பைக் காட்டியது தொப்பியில் குத்திய வெள்ளை நாடாப் பூவால், டார்டனால் அல்ல. ஆகவே நாம் வகுப்பில் சொன்னது பிழை.

கில்ட்டின் கதையும் இப்படித்தான். மலைநாட்டவரின் பழைய உடை, பல யார் நீளமான ஒரே போர்வை. நிலத்தில் விரித்து, மடிப்பு வைத்து, இடுப்பில் வார் கட்டி, மிச்சத்தைத் தோளில் போடுவார்கள். இரவில் அதுவே படுக்கை. இடுப்புக்குக் கீழ்ப் பகுதியை மட்டும் தனியாக்கிய சிறிய கில்ட் 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவியது. 1785 இல் எடின்பரோ சஞ்சிகையொன்றில் வெளியான கடிதம், மலைநாட்டில் இரும்பு உலை நடத்திய தோமஸ் ரோலின்சன் என்ற ஆங்கிலேயர்தான் தன் தொழிலாளர் வேலை செய்ய வசதியாக இதைக் கொண்டுவந்தார் என்கிறது. இதை மறுப்போரும் உளர். எப்படியிருந்தாலும் தைத்த மடிப்புகளோடு இன்று நாம் காணும் கில்ட், ஆதிகாலத்து உடை அல்ல.

கலொடனுக்குப் பின் வந்தது தடை. 1746 ஆம் ஆண்டின் சட்டம் 1747 ஓகஸ்ட் முதலாம் திகதி முதல் ஸ்கொட்லாந்தில் ஆண்களும் சிறுவர்களும் மலைநாட்டு உடை அணிவதைக் குற்றமாக்கியது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. இரண்டாம் தடவை ஏழு வருடங்களுக்குக் கடல் கடந்த தோட்டங்களுக்கு நாடுகடத்தல். ஒரு துணிக்கு இத்தனை தண்டனை! 1782 இல் சட்டம் நீக்கப்பட்டபோது 35 வருடங்கள் கடந்திருந்தன. ஒரு தலைமுறை காற்சட்டையிலேயே வளர்ந்து முடிந்திருந்தது.

தடையில் ஒரு விலக்கு இருந்தது. அரசனின் படையில் சேர்ந்தால் கில்ட் உடுத்தலாம். 'பிளக் வொட்ச்' என்ற மலைநாட்டுப் படையணியின் கரும்பச்சை, நீலம், கறுப்புக் கட்டம் இன்றும் உலகில் அதிகம் அறியப்பட்ட டார்டன்களில் ஒன்று. தன் ஊரில் உடுத்தினால் சிறை, அரசனுக்காகச் சண்டையிட உடுத்தினால் கௌரவம்.

கொடுத்த கை திருப்பி எடுக்கவும் செய்தது. ஆட்சேர்ப்புக்கு இடைஞ்சல் என்று 1809 இல் சில மலைநாட்டுப் படையணிகளிடமிருந்து கில்ட் பறிக்கப்பட்டது. அவற்றில் ஒன்று 73 ஆவது படையணி. 1817-1818 ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சியை அடக்க இலங்கையில் நின்ற அதே 73 தான். ஊவாவின் கிராமங்களுக்குள் அவர்கள் வந்தபோது, தமது முன்னோரின் உடையை இழந்து சில வருடங்களே ஆகியிருந்தன. அடக்கப்பட்டவனின் பிள்ளையைக் கொண்டு இன்னொருவனை அடக்குவது பேரரசுகளின் பழைய தந்திரம்.

சரி, குலத்துக்கொரு டார்டன் என்ற முறை எப்போது வந்தது? தடை நீங்கிய பிறகுதான் அது முறையாக உருவானது. அதில் வியாபாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பனொக்பர்ன் ஊரில் வில்சன் குடும்பத்தின் நெசவு நிறுவனம் படையணிகளுக்கும் நகரத்தாருக்கும் டார்டன் நெய்து விற்றது. ஆரம்பத்தில் பல கோலங்களுக்கு வெறும் இலக்கம்தான் இருந்தது. பெயர் வைத்தால் நன்றாக விற்கிறது என்று தெரிந்ததும் பெயர்கள் பெருகின. அவர்களது 1819 ஆம் ஆண்டு மாதிரிப் புத்தகத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கோலங்கள் உள்ளன. சிலவற்றுக்குக் குலப் பெயர், சிலவற்றுக்கு ஊர்ப் பெயர்.

இன்று மக்ஃபர்சன் குலத்துக்குரியதாகச் சொல்லப்படும் ஒரு கோலம் அதற்கு முன் 'கிட்' என்ற பெயரில் விற்கப்பட்டது என்று வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் எழுதியிருக்கிறார். மேற்கிந்தியத் தீவுகளில் தன் அடிமைகளுக்கு உடுத்த மொத்தமாக வாங்கிய ஒருவரின் பெயர் அது. அடிமைகளுக்கு வாங்கிய துணி, குலப் பெருமையின் துணியானது.

1815 இல் லண்டன் ஹைலண்ட் சங்கம் குலத்தலைவர்களிடம், உங்கள் டார்டனை உறுதிப்படுத்தி ஒரு துண்டு அனுப்புங்கள் என்று கேட்டது. மக்டொனால்ட் பிரபுவோ தன் குலத்தின் டார்டன் எதுவென்று தனக்கே தெரியாது, உண்மையான மாதிரியைத் தேடித் தாருங்கள் என்று பதில் எழுதினார். தலைவருக்கே தெரியாத அடையாளம்!

பிறகு 1822 ஓகஸ்ட். நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். ஆட்சியிலிருக்கும் மன்னர் ஒருவர் ஸ்கொட்லாந்து மண்ணை மிதிப்பது சுமார் 170 வருடங்களின் பின் அதுவே முதல் முறை. வரவேற்பை ஒழுங்கு செய்தவர் நாவலாசிரியர் வோல்டர் ஸ்கொட். எல்லோரும் டார்டனில் வாருங்கள் என்று அழைப்பு. மன்னரும் 1,300 பவுணுக்கு மேல் செலவிட்டு மலைநாட்டு உடையில் தோன்றினார். கலொடனில் அரச படைக்குத் தலைமை தாங்கிய கம்பர்லண்ட் கோமகன் இந்த மன்னருடைய பாட்டனாரின் சகோதரர் முறை. தடை செய்த குடும்பமே 76 வருடங்களில் அதை உடுத்தி ஊர்வலம் வந்தது. தெற்கு ஸ்கொட்லாந்தின் கனவான்கள் தமக்கொரு குலம் தேடித் தையற்காரரிடம் ஓடினார்கள்.

அதே காலத்தில் மலைநாட்டில் என்ன நடந்தது? செம்மறி வளர்ப்பில் கூடுதல் இலாபம் என்று நிலப்பிரபுக்கள் ஏழைக் குடியானவர்களை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். 1814 இல் சதர்லண்டின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் வீடுகள் எரிக்கப்பட்டன. நகரம் மலைநாட்டவனின் உடையைக் கொண்டாடியது. மலையோ அவனைத் துரத்தி ஆட்டை வைத்துக்கொண்டது. கம்பளியைக் கையில் எடுக்கும் எவரும் இதை மறந்துவிடக் கூடாது.

கடைசியாக ஒரு பித்தலாட்டம். ஸ்டுவர்ட் இளவரசர் சார்ல்ஸின் பேரர்கள் என்று சொல்லிக்கொண்ட இரண்டு சகோதரர்கள், 1842 இல் பழைய கையெழுத்துப் பிரதியொன்றிலிருந்து எடுத்ததாக 75 டார்டன்களைப் படங்களோடு அச்சிட்டார்கள். வோல்டர் ஸ்கொட் உயிரோடு இருந்தபோதே அந்தப் பிரதியைச் சந்தேகித்தார். பின்னர் அது போலி என்று ஆய்வாளர் முடிவுக்கு வந்தனர். ஆனால் அதற்குள் துணி நெய்யப்பட்டுவிட்டது. இன்று பல குலங்கள் பெருமையோடு உடுத்தும் கட்டங்கள் அந்த நூலிலிருந்து வந்தவை.

அப்படியானால் எல்லாம் பொய்யா? இல்லை, மகன். இருநூறு வருடங்களாகத் திருமணத்துக்கும் மையித்துக்கும் யுத்தத்துக்கும் ஒரு மக்கள் உடுத்திய துணி பொய்யாகிவிடாது. தொடக்கம் வியாபாரமாக இருக்கலாம், அதற்குள் வாழ்ந்த வாழ்க்கை உண்மையானது. குலப் பெயருள்ளவர் தன் பாட்டனாரின் டார்டனை நேசிப்பதை நாம் மதிப்போம். ஆனால் பிறப்பால் மட்டுமே உரிமை, வெளியாள் தொடக்கூடாது என்று வரலாறு எங்கும் சொல்லவில்லை.

சட்டமும் சொல்லவில்லை. ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் 2008 இல் இயற்றிய சட்டப்படி டார்டன்களுக்கு உத்தியோகபூர்வப் பதிவேடு உண்டு, 2009 இல் திறக்கப்பட்டது. உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் புதிய கோலத்தைப் பதியலாம். பல்மோரல் டார்டனை அரச குடும்பத்துக்கு விட்டுவிடுவது போன்ற சில மரபுகளைப் பேணுவது மரியாதை.

இனி உங்கள் தெரிவுக்கு வருவோம். மூன்று வழிகள் தெரிகின்றன.

ஒன்று, எவரும் உடுத்தலாம் என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட பிளக் வொட்ச் போன்றவை. அழகானவைதான். ஆனால் அது படையணியின் கட்டம் என்பதைத் தெரிந்து உடுத்துங்கள்.

இரண்டு, ஊர் டார்டன். கிளாஸ்கோ என்ற பெயரில் ஒரு கோலம் வில்சன்களின் 1819 புத்தகத்திலேயே இருக்கிறது. மார்ட்டின் மார்ட்டின் சொன்னதை நினைத்துப் பாருங்கள். பழைய வழக்கப்படி கட்டம் காட்டியது ஆளின் ஊரைத்தான். உங்கள் பிள்ளைகள் பிறந்த ஊர் கிளாஸ்கோ.

மூன்று, 2012 இல் பதிவான இஸ்லாமிய டார்டன். ஸ்கொட்லாந்துக் கொடியின் நீலம், இஸ்லாத்துக்குப் பச்சை, ஐந்து கடமைகளுக்கு ஐந்து வெள்ளைக் கோடுகள், ஈமானின் ஆறு அம்சங்களுக்கு ஆறு பொன்னிறக் கோடுகள். வயது குறைந்ததுதான். ஆனால் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கவில்லை.

துணி பற்றியும் கேட்டிருந்தீர்கள். கடையில் 'ஏன்ஷன்ட்' என்று வெளிர் நிறத்தையும் 'மொடர்ன்' என்று அடர் நிறத்தையும் காட்டுவார்கள். அது பழைய செடிச் சாயத்தின் சாயலா, பின்வந்த இரசாயனச் சாயத்தின் சாயலா என்பதைத்தான் சொல்கிறது, கோலத்தின் வயதை அல்ல. முழுக் கில்ட்டுக்கு எட்டு யார் வழக்கம். யாருக்கு 16 அவுன்ஸ் நிறையுள்ள கம்பளியில் மடிப்பு நன்றாக விழும், 13 அவுன்ஸ் இலேசானது. மடிப்பின் பின்னாலும் கட்டம் தொடர்ந்து தெரிய வேண்டுமென்று தையற்காரரிடம் சொல்லுங்கள். முழங்காலும் மறையும்படி இறக்கித் தைக்கச் சொல்லுங்கள், அது எமக்கு அவசியம்.

எமது விருப்பத்தைக் கேட்டால் கிளாஸ்கோவைச் சொல்வோம். முடிவு உங்களுடையது. திருமண வீட்டில் யாராவது "இது உன் குலத்தினுடையதா?" என்று கேட்டால் வெட்கப்படாதீர்கள். "இல்லை, இது நான் வாழும் ஊரினுடையது" என்று சொல்லுங்கள். அந்தப் பதில் குலப் பட்டியலை விடப் பழையது.

எமக்குள்ள கடமை வேறு. அடுத்த தவணையில் தரம் 10 வகுப்புக்குள் நுழைந்ததும், யுத்தகளத்து டார்டன் கதையை எடுத்து, "பிள்ளைகளே, இதை நாம் பிழையாகப் படிப்பித்திருக்கிறோம்" என்று தொடங்கப் போகிறோம். வேறு எந்த வகுப்பில் எதைப் பிழையாகச் சொன்னோமோ, அறிந்த பழைய மாணவர்கள் கீழே எழுதுங்கள். அல்லாஹ் எம்மைப் பொருந்திக்கொள்வானாக.

வஸ்ஸலாம்.